எட்டிலும் ஓடும்

ஓடட்டும். ஓடி முடியட்டும். அதுவரை ஒருத்தரும் பக்கத்தில் வந்து நின்று "ஆச்சா மேடம்?" என்று கேட்காமல் இருந்தால் போதும் என்று மங்கையர்க்கரசி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். கறுப்புத் திரையில் எழுத்து வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது. எழுதிய நிரலையெல்லாம் சேர்த்துக் கட்டும் பில்டு ஓடும்போது எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவளால் முடியாது, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்களைப் போல அங்கேயே நிற்க வேண்டும், நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தாலும் நிற்க வேண்டும். கிண்டித் தொழிற்பேட்டையில் மூன்றாவது மாடி, தலைக்கு நேர் மேலே ஏசி, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு மீட்டிங். அஸ்வத் கூட்டியிருக்கும் மீட்டிங். அஸ்வத் டீம் லீட், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், மரியாதை தெரிந்த பையன், அதுதான் தொல்லை. மரியாதை தெரியாதவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவன் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பான், ஜாவாவின் பழைய பதிப்பு எட்டை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று, எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்தபடி விட்டுவிடலாம் என்பார்கள், இவள் பக்கம் திரும்பி "ஓகே தானே மேடம்?" என்பான். ஓகே இல்லை. ஓகே இல்லவே இல்லை. இந்த பில்டு அதற்குள் முடிந்து, அங்கே தெற்கே பார்வையில்லாதோர் பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரில் ஓடிக் காட்டிவிட்டால் எட்டு பிழைக்கும். இல்லாவிட்டால் இப்போது வெளியிடும் இந்த ரிலீஸோடு எட்டுக்கு மங்களம். எட்டு என்பது வெறும் நம்பர் அவர்களுக்கு. இவளுக்கு அது அங்கே வாத்தியாராக இருக்கும் சாலமோன் சார்.

என்னதான் நடந்தது என்று இன்னொரு தடவை யோசித்தாள்; நாலு நாளாக இதையேதான் யோசிக்கிறாள், நாக்கு போய்ப் போய்ச் சொத்தைப் பல்லைத் தொடுகிற மாதிரி மனசு அங்கேயே போய் நிற்கிறது. கம்பெனியின் மென்பொருள் சின்ன வேலைதான் செய்யும்: தமிழில் தட்டச்சு செய்ததைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றிப் பிரெயில் பிரின்டருக்கு அனுப்பும், அது தடித்த காகிதத்தில் புள்ளிகளைக் குத்தித் தள்ளும், பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் தடவி வாசிப்பார்கள். இங்கே ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பது ஜாவா பதினேழு. சாலமோன் சார் பள்ளிக்கூடத்தில் இருப்பது எட்டு. பதினேழில் செய்ததை அப்படியே கொடுத்தால் எட்டு வாசலிலேயே மறித்துவிடும், இது எனக்குப் பிந்தி வந்த சரக்கு, எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். சொன்னது, போன மாதம். அது நல்ல பிழை. நேர்மையான பிழை. உடனே டீமில் யாரோ, எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் இரண்டு வரி சொல்லி வைத்தார்கள்: எழுதியிருப்பதை எட்டின் இலக்கணப்படி வாசி, எட்டுக்கென்று முத்திரை குத்து. முத்திரை குத்தியாயிற்று. ஆபீஸில் ஓட்டிப் பார்த்தாயிற்று, பச்சை டிக் வந்தது, கைதட்டாத குறை. எங்கே ஓட்டிப் பார்த்தார்கள்? பதினேழில். எட்டுக்கென்று செய்ததைப் பதினேழில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று சொல்ல இந்த உலகத்தில் எங்களை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பாள் என்று அடக்கிக்கொண்டாள். அப்புறம் அந்த மஞ்சள் வரி. ஒவ்வொரு தடவையும் கம்பைலர் மஞ்சளில் ஒரு எச்சரிக்கை காட்டியது: பழைய இலக்கணம் சொல்லியிருக்கிறீர்கள், பழைய நூலகம் எங்கே என்று சொல்லவில்லையே என்று. ஒவ்வொரு தடவையும். வார்னிங்தானே என்று விட்டார்கள். சிவப்பாக இருந்தால்தான் இங்கே யாருக்கும் கண் தெரியும். செவிடன் காதில் ஊதிய, என்று மனசு ஆரம்பித்து நின்றது. இந்தப் பழமொழியெல்லாம் இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது. குருட்டாம்போக்கில் என்ற வார்த்தையை ஒருநாள் போனில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அந்தப் பக்கம் சாலமோன் சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் எந்தப் போக்குல போனாலும் அந்தப் போக்குதானே மேடம்! நீங்க சும்மா சொல்லுங்க."

அப்படிச் சிரிக்கிற மனுஷன் நாலு நாள் முன்னால் போன் செய்தபோது சிரிக்கவில்லை. அதுதான் இவளை உலுக்கியது. குரலில் கோபமும் இல்லை. தப்பு தன்னுடையதாக இருக்குமோ என்ற ஒரு கூச்சம் இருந்தது. பிழை எங்களுடையது, கூச்சம் அவருக்கு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது.

"மேடம், உங்க சாமான் திறக்குது, பேசுது, கேள்வித்தாளெல்லாம் எடுத்துக்கிடுது. அச்சுன்னு அமுக்குனா மட்டும் சத்தமே இல்லாம நின்னு போவுது. நான் ஏதும் தப்பா அமுக்குதேனோ என்னவோ?"

"நீங்க தப்பா அமுக்கல சார். நான் பாக்குறேன்."

"பாருங்க மேடம். திங்கக்கிழமை அரையாண்டுப் பரிச்சை. அதான் கேட்டேன்."

"அச்சு இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ண? நாங்க வாசிச்சுக் காட்டணும், பிள்ளைகள் கேட்டு எழுதணும். நான் வாசிச்சா அது என் வாயில இருக்க கேள்வி மேடம். அவன் விரல்ல இருந்தாத்தான் அது அவன் கேள்வி. திரும்பப் பாக்கணும்னா பாத்துக்கிடுவான், யாருகிட்டயும் கெஞ்ச வேண்டாம்லா."

அவன் விரலில் இருந்தால்தான் அவன் கேள்வி. மீட்டிங்கில் இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு நிமிஷம் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள், அப்புறம் அஸ்வத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாவம்தான் மேடம், ஆனா, என்பான். அந்தப் பாவம்தான் அவளுக்கு ஆகாது. அந்த மனுஷனுக்கு யார் பாவம் வேண்டும் என்றது? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறாள், மென்பொருளை முதலில் போட்டுக்கொடுத்த வருஷம். ஜன்னல் சாத்திய சின்ன அறை, வெளியே பிள்ளைகள் உருளும்போது கிணுகிணுக்கும் மணிப்பந்து விளையாடும் சத்தம், கோந்து வாசனையும் தடித்த காகித வாசனையும். சாலமோன் சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார், பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் குருவி கத்துவதுபோல் கீச்சுகீச்சென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது, திரை கரிக்கட்டையாகக் கறுத்துக் கிடந்தது. இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்கிறது போல என்று நினைத்து, எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் சார், மானிட்டர் எரியல, என்றாள். அவர் பதறிப்போய் "ஐயோ, இருட்டுல உக்காந்திருக்கியளா மேடம்?" என்று கையை நீட்டி, வந்த விருந்தாளிக்கு ஃபேன் போடுவதுபோல, மானிட்டரைப் போட்டுவிட்டார். அத்தனை நாளும் அந்த அறையில் அதைப் போட வேண்டிய அவசியமே வந்ததில்லை. அந்தக் கீச்சுக் குரல் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல். இவள் காதுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை, அவருக்கு அது நிதானமான பேச்சு. அந்தக் குரல் அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் பேசும், அந்த விண்டோஸில் எட்டுக்கு மேல் ஜாவா ஏறாது, ஒன்றை உருவினால் எல்லாம் சரியும். அப்கிரேட் பண்ணச் சொல்லுங்கள் என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் கண் தெரியாதவள் அவள்தான். அவர் சொல்லச் சொல்லத்தான் அவள் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது ரயிலில் தூங்காமல் கிடந்து, இந்த மனுஷன் கையிலிருந்து இதை யாரும் பிடுங்கக் கூடாது என்று நினைத்தாள், சத்தியம் ஒன்றும் செய்யவில்லை, நினைத்தாள், அவ்வளவுதான்.

"ஆச்சா மேடம்?"

வந்துவிட்டான். காபிக் கோப்பையோடு அஸ்வத் அவள் மேசை விளிம்பில் சாய்ந்து நின்றான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஓடிட்டிருக்கு."

"பன்னெண்டுக்குள்ள முடியுமா? இல்லைன்னா விட்டுடலாமே. நான் ஒண்ணும் தப்பா சொல்லல. எட்டுல இருக்கறது அந்த மாதிரி நாலஞ்சு ஸ்கூல்தான். அவங்களைக் கொஞ்சம் அப்கிரேட் பண்ணச் சொன்னா..."

"அவரால முடியாது அஸ்வத். ஏன்னு மெயில்ல எழுதியிருக்கேன்."

"படிச்சேன் மேடம். ஆனா நீங்க புதுசா போட்ட அந்த ஒரு வரியால என்னாச்சு பாருங்க. நல்லா கம்பைல் ஆகிட்டிருந்தது, திடீர்னு முப்பது நாப்பது எரர். உங்க ஸ்க்ரீனைப் பாத்துட்டுப் பசங்க பயந்துட்டாங்க."

"நல்லா கம்பைல் ஆகிட்டிருந்ததா?" அவள் நாற்காலியோடு திரும்பினாள். "அந்த எரர் எல்லாம் நான் போட்டதா? ஏற்கெனவே உள்ள இருந்ததுதானே? இங்க விழுந்தா நம்ம தலைவலி. அங்க விழுந்தா அவர் தலையெழுத்தா?"

அஸ்வத் கோப்பையைப் பார்த்தான். "சரி, பன்னெண்டு மணிக்குப் பேசலாம்," என்று நகர்ந்தான். கோபித்துக்கொள்ளவும் மாட்டான். கோபித்துக்கொண்டால் என்னவாம்.

இங்கே விழுந்தால், அங்கே விழுந்தால். வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை சண்டை என்றதும் தானாக வந்து விழுகிறது. சாலமோன் சாரை அனுப்பச் சொல்லி வாங்கிய ஃபைலில் அந்தப் பிழைச் செய்தியை முதலில் பார்த்தபோது அவளுக்கும் தலை சுற்றியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அப்படி ஒரு செயல்பாடு இல்லை என்றது எட்டு. புள்ளிகளைப் பிரின்டருக்கு அனுப்பும் முன்னால் அவை நிரம்பிய நினைவகத் தொட்டியைத் திருப்பி வைக்கிற செயல்பாடு, எழுதி முடித்தாயிற்று இனி வாசி என்கிற ஒரு சின்ன வார்த்தை, அது எட்டிலும் உண்டு, ஜாவா நாலிலேயே உண்டு. இருப்பதை இல்லை என்கிறது. அது எப்படி? ஒரு பகல் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். அப்புறம் புரிந்தது, சாயங்காலம் பஸ்ஸில் ஒரு அப்பாவும் மகனும் வீட்டுச் சாவி யாரிடம் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தபோது புரிந்தது. பழைய வீட்டில் சாவி அப்பாவிடம். மகனுக்கு வேண்டுமானால் அப்பாவிடம் வாங்கித் திறப்பான். புது வீட்டில் மகனும் தனக்கென்று ஒரு சாவி செய்துகொண்டான். கம்பைலர் பதினேழின் வீட்டை எட்டிப் பார்த்து, மகனிடம் சாவி இருக்கிறது என்று எழுதிவிட்டது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எட்டின் வீட்டுக்குப் போனால், மகனிடம் ஏது சாவி, அப்படி ஒன்று கிடையாதே என்று கதவைச் சாத்துகிறது. பேச்சு மட்டும் பழைய பேச்சு, பேச்சில் வருகிற சாமானெல்லாம் புது வீட்டுச் சாமான். இலக்கணத்தை மட்டும் பழசாக்கினால் போதுமா? அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டாமா? கோயம்புத்தூரில் இஞ்சினியரிங் முதல் வருஷம் ஒரு லெக்சரர் இருந்தார், தமிழ் மீடியத்திலிருந்து வந்த எங்களுக்காக என்று சொல்லி அதே இங்கிலீஷை மெதுவாகப் பேசுவார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல. வேகத்திலா புரியவில்லை? அந்த வார்த்தையே எங்களிடம் இல்லை, அதை எத்தனை மெதுவாகச் சொன்னால் என்ன. புரிகிறதா புரிகிறதா என்று கேட்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், தலையாட்டிவிட்டுப் பரீட்சையில் போய் விழுவார்கள். அங்கே போய் விழுவார்கள்! ஒருநாள் இவள் எழுந்து நின்றுவிட்டாள். பாவாடைத் தாவணியோடு கல்லூரிக்கு வந்த ஒரே பெண், நின்று, எனக்குப் புரியல சார், இங்க பாதிப் பேருக்குப் புரியல, தலையாட்டறாங்க, என்றாள் தமிழில். வகுப்பே கொல்லென்று சிரித்தது. லெக்சரர் சிரிக்கவில்லை. எந்த வார்த்தையிலிருந்து புரியல, என்று கேட்டார். அதுதான் கேள்வி. எந்த வார்த்தையிலிருந்து. மூன்று நாள் முன்னால் அவள் அந்த இரண்டு வரிகளை அழித்துவிட்டு ஒரே வரி போட்டாள், ரிலீஸ் எட்டு என்று. அப்படிச் சொன்னால் கம்பைலர் இலக்கணத்தை மட்டுமல்ல, எட்டின் வீட்டில் இருக்கும் சாமான் ஜாபிதாவையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அங்கே இல்லாத ஒன்றைத் தொட்டால் இங்கேயே கையைத் தட்டிவிடும். தட்டியது, சரமாரியாகத் தட்டியது. ஒரு வரி காலியா என்று கேட்கும் சுருக்கு வழி எட்டில் இல்லை, பட்டியலை ஒரே மூச்சில் செய்துகொள்ளும் வழி இல்லை, ஒரு ஃபைலை முழுசாக வாரிக்கொள்ளும் வழி இல்லை. எல்லாம் பையன்கள் பழக்கத்தில் எழுதியது, யாரையும் குறை சொல்வதற்கில்லை, கை அப்படிப் போகிறது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பழைய வழியில் எழுதினாள். பழைய வழி நீளம். நீளமாக இருந்தால் என்ன, ஓடும்.

திரையில் எழுத்து ஒரு இடத்தில் நின்றது. நின்றே போயிற்றா? இல்லை, சோதனைகள் ஆரம்பிக்கின்றன, அதற்கு எப்போதும் கொஞ்சம் யோசனை. இடது கண்ணில் அந்தக் கறுப்புப் புள்ளி மிதந்து வந்து எழுத்துக்கு மேல் நின்றது, பார்த்தால் நகர்ந்துவிடும், பார்க்காவிட்டால் வந்து நிற்கும். இரண்டு மாதமாக இருக்கிறது. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒண்ணுமில்லைம்மா, வயசானா வரும், என்றார். வயசானா வரும். நாற்பத்தாறு ஒரு வயசா? வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, இரண்டையும் மூடிப் பார்த்தாள். மூடிக்கொண்டே சமையலறைக்கு நடந்தாள், நாலாவது எட்டில் நாற்காலியில் முட்டிக்கொண்டாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். கண் போய்விடும் என்ற பயம்கூட இல்லை. ஒருநாள் தன்னையும் இப்படி ஒரு அறையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, பாவம்தான், ஆனா, என்று கைவிடுவார்கள் என்ற பயம். மேடம் பழைய ஆள், எட்டு காலத்து ஆள், அவங்களுக்காக எத்தனை நாள் பாக்கறது. இப்போதே கேன்டீனில் பேசியிருப்பார்கள். மேடம் எட்டை விடாததுக்குக் காரணம், மேடமுக்கு எட்டுதான் தெரியும், என்று. பேசட்டும். பதினேழும் தெரியும், நேற்று வந்ததும் தெரியும், உங்கள் பதினேழில் உட்கார்ந்துகொண்டுதான் எட்டுக்கு எழுதுகிறேன், அதற்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், தெரியுமா? புதுசு மட்டும் தெரிந்தவனால் இதைச் செய்ய முடியாது, பழசு மட்டும் தெரிந்தவனாலும் முடியாது. சாலமோன் சாருக்காகவா இதைச் செய்கிறாய், உனக்காகவா என்று உள்ளே ஒன்று கேட்டது. கேட்கட்டும். எனக்காகவும்தான். எனக்காகச் செய்தால் தப்பா? அவரைத் தள்ளிவிடுகிற கை என்னை மட்டும் தடவிக்கொடுக்கவா போகிறது. புள்ளி நகர்ந்து ஓரத்துக்குப் போயிற்று. போ, ஓரத்திலேயே இரு, எனக்கு வேலை இருக்கிறது.

பச்சை. கீழே, கடைசி வரியில், வெற்றி என்று பச்சை எழுத்து. மஞ்சள் வரி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று மேலே உருட்டி உருட்டிப் பார்த்தாள். இல்லை. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. போன தடவையும் பச்சைதான். பச்சையை நம்பித்தானே அந்த மனுஷனைக் கூச்சப்பட வைத்தது. செய்து முடித்த ஃபைலைச் சாலமோன் சாருக்கு அனுப்பினாள், போனை எடுத்தாள்.

"சார், அனுப்பிட்டேன். இப்பவே ஓட்டிப் பாக்க முடியுமா? நான் லைன்லயே இருக்கேன்."

"இந்தா, இறங்கிட்டிருக்கு மேடம். இருங்க, ஸ்பீக்கர்ல போடுதேன்."

இவளும் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். போனுக்குள் அந்த அறை வந்தது. பிள்ளைகள் சத்தம், தூரத்தில் ஏதோ மணி. கீச்சுக்குரல் கடகடவென்று எதையோ வாசித்தது. சாலமோன் சாரின் விரல்கள் தட்டும் ஒலி. அங்கே இப்போதும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். இவள் கண்ணை மூடிக்கொண்டாள், இந்தத் தடவை நடந்து போய் எதிலும் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை, கேட்டால் போதும். மீட்டிங் நடக்கும் கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருத்தராகப் போய் உட்காருவது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"திறந்துட்டு மேடம். மூணாங் கிளாஸ் தமிழை எடுத்திருக்கேன். அமுக்கட்டா?"

"அமுக்குங்க."

ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. முன்பும் இப்படித்தான் நின்றிருக்கும், இதே இடத்தில். எது? எந்தச் சாவி? எல்லாவற்றையும் பார்த்தேனே, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே. வேறு யாரோ செய்த துணைச் சரக்கு ஒன்றுக்குள் புதுசு ஒளிந்திருக்குமோ, அதையும் திறந்து பார்த்தேனே. கண்ணாடி அறையில் அஸ்வத் எட்டிப் பார்ப்பான் இப்போது. பாவம்தான் மேடம். ஆனா. திங்கட்கிழமை ஒரு வாத்தியார் நின்றுகொண்டு வாசிப்பார், நாற்பது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒருத்தனுக்கு இரண்டாம் கேள்வி மறந்துபோகும், கேட்கக் கூச்சப்படுவான். அந்தக் கூச்சம். அதே கூச்சம்.

"சார்?" போனை வாய்ப் பக்கம் இழுத்தாள். "சார், இருக்கீங்களா?"

"எங்க மேடம் போவேன்? பேப்பர் வைக்கணும்லா! அடிக்கவே மாட்டேங்குன்னு எல்லாத்தையும் எடுத்து அலமாரியில வச்சுட்டேன். இருங்க, இருங்க."

அவள் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேப்பர். பேப்பர்! அலமாரிக் கதவு திறக்கும் ஒலி, காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கும் ஒலி, அவர் ஏதோ முணுமுணுக்கிறார். அப்புறம் வந்தது. தட தட தடவென்று, தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி, போன் அதிர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். பிரெயில் பிரின்டர் ஊரைக் கூட்டுகிற சத்தம் போடும், அந்தப் பள்ளிக்கூடத்தில் அது அடிக்கிற நேரம் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த அருமையான, நாராசமான சத்தம். அது நின்றது. அவர் தடவுகிறார். இவளுக்குத் தெரிந்தது.

"கோடிட்ட இடங்களை நிரப்புக," என்று சாலமோன் சார் விரலால் வாசித்தார். நிதானமாக, ஒவ்வொரு கேள்வியாக, கடைசி வரைக்கும் போனார். "ஒரு புள்ளி தப்பில்ல மேடம். சுத்தமா இருக்கு."

"சரி சார்."

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? கோவிச்சுக்கிடக் கூடாது." கூச்சம் மறுபடி எட்டிப் பார்த்தது. "அடுத்த தடவை நீங்க புதுசா அனுப்பும்போதும் இப்படி நின்னு போவுமா? பரிச்சை நேரம்னா பிள்ளைகளுக்கு என்ன சொல்லதுன்னு தெரியல, அதான்."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து அஸ்வத் கையைத் தூக்கி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். எல்லோரும் வந்துவிட்டார்கள், அவள் நாற்காலி மட்டும் காலி. உள்ளே போய் உட்கார்ந்தால் பேச்சு தொடங்கும். இந்த ரிலீஸுக்கு எட்டு இருக்கட்டும் என்பார்கள், ஓட்டித்தான் காட்டிவிட்டாளே. அடுத்ததற்கு? அடுத்த மாதம் யாரோ ஒரு பையன் கை போன போக்கில் ஒரு சுருக்கு வழியைப் போடுவான், பச்சை டிக் வரும், அங்கே ஒரு அறையில் சத்தமே இல்லாமல் நின்றுபோகும், அவர் போன் செய்து நான் ஏதும் தப்பா அமுக்குதேனோ என்பார். மறுபடி நாலு நாள், மறுபடி கெஞ்சல், மறுபடி பாவம்தான் ஆனா. பழைய வழியில் எழுதியதையெல்லாம் பொதுவில் சேர்த்தாயிற்று, அந்த ஒரு வரி மட்டும் இன்னும் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதை எல்லோருக்கும் பொதுவான பில்டுக் கோப்பில் ஏற்றிவிட்டால், இந்த ஆபீஸில் யார் எதை எழுதினாலும் எட்டைக் கேட்காமல் ஒரு எழுத்து நகராது. விழுந்தால் இங்கேயே, எழுதினவன் மேசையிலேயே விழும். நேராகப் பொதுவில் ஏற்ற அவளுக்கு அனுமதி இருந்தது, பழைய ஆட்களுக்கு மிச்சம் வைத்திருக்கும் ஒரே சலுகை. ஏற்றும் முன் டீமில் கேட்பது வழக்கம். வழக்கம்தான். மஞ்சள் வரியைப் பார்க்காமல் விடுவதும் இங்கே வழக்கம்தான்.

"நிக்காது சார்," என்றாள்.

"நெசமாவா மேடம்?"

"நெசமா. இருங்க, ஒரு நிமிஷம்."

பொதுக் கோப்பைத் திறந்தாள். வரியைப் போட்டாள். என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு கேட்டது. எட்டிலும் ஓட வேண்டும் என்று தமிழிலேயே தட்டினாள். புள்ளி மறுபடி மிதந்து வந்து அந்த வரிமேல் உட்கார்ந்தது. அதற்குமேலேயே என்டரைத் தட்டினாள்.

கண்ணாடி அறையில் மேசைமேல் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக விர்ரென்றன. பொதுக் கோப்பு மாறினால் எல்லோருக்கும் செய்தி போகும். அஸ்வத் தன் போனை எடுத்துப் பார்த்தான், நிமிர்ந்து கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான், எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தான். முதல் முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"மேடம், இது எல்லாருக்கும் போற ஃபைல். யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

போன் இன்னும் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் அடுத்த கேள்வித்தாளுக்குப் பிரின்டர் மறுபடி பிடித்துக்கொண்டது, தட தட தடவென்று. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமே என்று மங்கையர்க்கரசி குரலை உயர்த்தினாள்.

"சாலமோன் சாரைக் கேட்டு."